ஒரே முட்டி, நாலு டீம்: அயர்லாந்துல எங்க பையன் கேலிக் ஃபுட்பால் ஆடின கதை

போன மாசம் இங்க இருக்குற நம்ம தமிழ் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர், பையன் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அண்டர் 14 டெவலப்மென்ட் ஸ்குவாடுக்கு செலக்ட் ஆயிட்டான்னு ஜெர்சியோட போட்டோ போட்டிருந்தார். வரிசையா வாழ்த்து, நானும் போட்டேன். போட்டுட்டு இந்த மனுஷனுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடலாமான்னு யோசிச்சேன், ஆனா சந்தோஷமா இருக்குறவர்கிட்ட போய் இன்ஜுரி ஃபண்டு, எம்ஆர்ஐன்னு ஆரம்பிச்சா அபசகுனமா பேசுறான்யான்னு நினைச்சுப்பார். அதான் இங்க எழுதிடறேன், வேணும்கறவங்க படிச்சுக்கட்டும். எங்களுக்கு அப்போ சொல்ல ஒருத்தர் கூட இல்ல. நம்மாளுங்கள்ல கவுண்டி வரைக்கும் போன பசங்க எங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல கிடையாது, ஐரிஷ்காரங்களுக்கோ இதெல்லாம் பொறந்ததுல இருந்து தெரிஞ்ச விஷயம், தனியா ஒருத்தருக்கு உட்கார்ந்து சொல்லணும்னே தோணாது. கவுண்டி பேரு, கிளப் பேரு எதுவும் எழுத மாட்டேன், லின்ஸ்டர் பக்கம்னு மட்டும் வச்சுக்கோங்க. சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

புதுசா வந்தவங்களுக்காக ஆட்டத்தைப் பத்தி கொஞ்சம். ஒரு சைடுக்கு 15 பேர், கிரவுண்டு நம்ம சாக்கர் கிரவுண்டை விட பெருசு, 130 மீட்டருக்கு மேல நீளம். பந்தை கையில பிடிக்கலாம், ஆனா நாலு ஸ்டெப்புக்கு மேல சும்மா தூக்கிட்டு ஓடக்கூடாது, ஒண்ணு தரையில தட்டணும் இல்லேன்னா கால் நுனியால தட்டி திரும்ப கைக்கு எடுக்கணும், அதுக்குப் பேர் சோலோ. ரெண்டு தடவை தொடர்ந்து தரையில தட்டக்கூடாது. ஹெச் வடிவ கம்பத்துக்கு கீழ வலைக்குள்ள போனா கோல், 3 பாயிண்ட், மேல போனா 1 பாயிண்ட். 2025ல இருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளிய நின்னு மேல அடிச்சா 2 பாயிண்ட். இதை நடத்துறது ஜிஏஏ, 1884ல தர்லஸ்ங்கற ஊர்ல ஒரு ஹோட்டல்ல கூடி ஆரம்பிச்ச சங்கம். 82,300 பேர் கொள்ளக்கூடிய டப்ளின் குரோக் பார்க் ஸ்டேடியம் அவங்களோடது. ஆனா அங்க ஃபைனல் ஆடுற ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. இப்போ இந்த ஆட்டத்துல பெரிய தலைன்னா கெர்ரி கவுண்டி டேவிட் கிளிஃபர்ட், அவரே ஸ்கூல் வாத்தியார். கெர்ரிக்கு ஆடிட்டு, சொந்த ஊர் கிளப் ஃபோசாவுக்கும் வந்து ஆடுவார், 2023 ஜனவரியில அந்த குட்டி கிளப்போட ஆல் அயர்லாந்து ஜூனியர் கப்பும் ஜெயிச்சார். கவுண்டி சீனியர் ஆளுங்களுக்கு அரசாங்கத்துல இருந்து ஒரு சின்ன கிராண்ட் உண்டு, அவ்வளவுதான். சின்னப் பசங்களுக்கு அதுவும் இல்ல. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, ஊர்ல இருக்குற எங்க மச்சான் இன்னும் கேட்பார், "மாநில டீம்ல ஆடுறான்னு சொன்னீங்களே மாப்ள, ஒப்பந்தம் எவ்வளவு?"ன்னு.

எங்க பையன் ஏழு வயசுல ஆரம்பிச்சான். வீட்டம்மா நர்ஸ், நான் ஒரு கம்பெனியில ஐடி சப்போர்ட். சனிக்கிழமை காலையில அவளுக்கு டூட்டி, எனக்கு பசங்களை எங்கயாவது விடணும், பக்கத்து வீட்டுக்காரர் கிளப்புக்கு கூட்டிட்டுப் போனார், அப்படித்தான். அண்டர் 12 வரைக்கும் கோ கேம்ஸ்னு ஒரு முறை, சின்ன டீம், வந்த எல்லாருக்கும் ஆட்டம் உண்டு, ஸ்கோர் பெருசு பண்ண மாட்டாங்க. அந்த வருஷங்கள் சொர்க்கம்ங்க. கிளப்னா என்னன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகல, நான் திருநெல்வேலி பக்கம், எங்க ஊர் கோயில் கொடைதான் அது. அந்த ஊர்ல இருந்தா வரி கொடுக்கணும், வேலை செய்யணும், ஒருத்தன் பந்தல், ஒருத்தன் சாப்பாடு. இங்க லாட்டோ டிக்கெட் விக்கணும், மேட்ச் அன்னிக்கு கேட்ல நிக்கணும், டீ போடணும். ஊர் மாத்தாம கிளப் மாத்துறது லேசுல நடக்காது, காசு கொடுத்து ஆள் இழுக்கறது கிடையாது. பெத்தவங்களும் கோச்சிங் பண்ண வரலாம், அதுக்கு போலீஸ் சரிபார்ப்பு, சேஃப்கார்டிங் கோர்ஸ் எல்லாம் முடிக்கணும். நான் ரெண்டு சீசன் அண்டர் 10க்கு கோன் அடுக்கி வச்சேன். அயர்லாந்துல எனக்கு கிடைச்ச நண்பர்கள்ல முக்கால்வாசி அங்க கிடைச்சவங்கதான், அதையும் சொல்லிடணும், இல்லேன்னா கீழ எழுதப் போறதைப் படிச்சுட்டு யாராவது பையனை நிறுத்திடப் போறீங்க.

பதினாலு வயசுல கவுண்டி டெவலப்மென்ட் ஸ்குவாடுக்கு கிளப் பேர் கொடுத்துச்சு, டிரயல், செலக்‌ஷன். பையன் நல்ல உயரம், மேல வர்ற பந்தை எம்பிப் பிடிக்கறதுல கெட்டி, இங்க அதுக்கு தனி மரியாதை. அப்போ ஆரம்பிச்சது டிரைவிங். கவுண்டி டிரெய்னிங் செண்டர் எங்களுக்கு நாற்பது நிமிஷ தூரம், விட்டுட்டு வீட்டுக்கு வந்தா திரும்பக் கிளம்பணும், அதனால கார்லயே உட்கார்ந்திருப்பேன். மழை, ஃபிளாஸ்க்ல சுக்கு காபி, மடியில லேப்டாப் வச்சு டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டு இருப்பேன். பெட்ரோல் நம்ம காசு, பூட்ஸ் நம்ம காசு, வளர்ற வயசுங்கறதால பூட்ஸ் ஒரு சீசன் தாண்டாது. மவுத்கார்டு கட்டாயம், அது இல்லாம ஆடி பல்லு போனா ஜிஏஏ இன்ஜுரி ஃபண்டுல ஒரு பைசா வராது, அதனால பையில எப்பவும் ரெண்டு போட்டு வைங்க, ஒண்ணை நாய் கடிச்சுடும் இல்ல தொலைஞ்சுடும். இந்த செலவெல்லாம் தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது வேற.

கவுண்டி மைனர்ங்கறது 2018ல இருந்து அண்டர் 17. முன்னாடி 18ஆ இருந்துச்சு, பசங்களுக்கு லீவிங் செர்ட், அதாவது ஸ்கூல் கடைசி வருஷப் பரீட்சையோட மோதுதுன்னும்தான் ஒரு வயசு இறக்கினாங்க. பையன் ஃபிஃப்த் இயர் (நம்ம பிளஸ் ஒன் மாதிரி) படிக்கும்போது மைனர் பேனல்ல, அதாவது அந்த ஸ்குவாட்ல வந்தான். அந்த வசந்தகாலத்துல அவன் வாரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். திங்கள் ஸ்கூல் டீம் டிரெய்னிங். செவ்வாய் கவுண்டி. புதன் ஸ்கூல் மேட்ச், சில சமயம் கிளப் மைனர் லீக் மேட்சும் அன்னிக்கே சாயங்காலம். வியாழன் கிளப். சனி கவுண்டி சேலஞ்ச் மேட்ச், ஞாயிறு மறுபடி கிளப்ல பெரியவங்களோட ஜூனியர் டீம்ல ஆள் குறையுதுன்னு கூப்பிடுவாங்க. நடுவுல கவுண்டி ஸ்ட்ரெங்த் கோச் கொடுத்த ஜிம் ப்ரோகிராம் வேற. நாலு டீம். நாலு கோச்சும் தங்கமான மனுஷங்க, எல்லாரும் வேலைக்குப் போயிட்டு வந்து இலவசமா செய்யறவங்க, ஆளாளுக்கு "என் டீம்ல வாரத்துக்கு ரெண்டே நாள்தான்"னு நினைச்சாங்க, அது உண்மையும் கூட. நாலையும் கூட்டிப் பார்க்கற வேலை யாரோடதும் இல்ல. பெரியவங்களுக்கு 2022ல இருந்து சீசனைப் பிரிச்சுட்டாங்க, வருஷத்தோட முதல் பாதி கவுண்டி, ஜூலை கடைசில ஆல் அயர்லாந்து ஃபைனல், அதுக்கப்புறம் கிளப் சாம்பியன்ஷிப். திறமையான பதினாறு வயசுப் பையனுக்கு அந்தப் பிரிப்பெல்லாம் நடைமுறையில கிடையாது, அவனை எல்லாரும் ஒரே நேரத்துல கேட்பாங்க. அவனும் முடியாதுன்னு சொல்ல மாட்டான், சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்கன்னு பயம்.

அதனால இதை மட்டும் கண்டிப்பா செய்யுங்க. ஸ்குவாடுக்கு செலக்ட் ஆன அன்னிக்கே ஒரு கூகுள் ஷீட் போடுங்க, எந்த நாள், எந்த டீம், எவ்வளவு நேரம், டிரெய்னிங்கா மேட்ச்சா, தூக்கம் எப்படி, எங்க வலிக்குது. அதை எல்லா கோச்சுக்கும் ஷேர் பண்ணுங்க. கெஞ்ச வேண்டாம், சண்டை போட வேண்டாம், ஷீட்டை அனுப்பி "இந்த வாரம் இதுல எதை விடட்டும்னு நீங்களே பேசி சொல்லுங்க"ன்னு கேளுங்க. கிளப்ல வேற ஒரு அம்மா இப்போ இதைத்தான் பண்றாங்க, கோச்சுங்க உண்மையிலேயே ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டுப் பேசிக்கறாங்க. அப்புறம் வார்ம் அப். ஆக்டிவேட் ஜிஏஏன்னு ஒரு வார்ம் அப் முறை இருக்கு, அல்ஸ்டர் ஜிஏஏவும் அங்க இருக்குற யுனிவர்சிட்டியும் சேர்ந்து பண்ணினது, குதிச்சு இறங்கறது, சட்டுன்னு திரும்பறது இதுக்கெல்லாம் காலைப் பழக்கும், இலவசம். உங்க டீம் அதைப் பண்ணுதான்னு கேளுங்க. ரெண்டு ரவுண்டு ஓடிட்டு நேரா ஷூட்டிங் போறாங்கன்னா கொஞ்சம் வாயைத் திறக்கலாம்.

அது ஏப்ரல் மாசம், புதன்கிழமை, கிளப் லீக் மேட்ச். முதல் நாள் கவுண்டி டிரெய்னிங் கொஞ்சம் ஜாஸ்தி. எதிர் டீம் கோலி அடிச்ச கிக் அவுட்டை எம்பிப் பிடிச்சான், இறங்கும்போது பக்கத்துல ஆளே இல்ல, இடது கால் ஈர மண்ணுல பதிஞ்சுது, உடம்பு வலது பக்கம் திரும்புச்சு, பூட்ஸ் திரும்பல. யாரும் இடிக்கல, ரெஃப்ரீ விசில் கூட ஊதல, ஆட்டம் அஞ்சாறு செகண்டு ஓடிட்டு இருந்துச்சு. நான் ஓடிப்போய் பார்த்தா கையில இன்னும் பந்து இருக்கு, விடல. "ப்பா, முட்டிக்குள்ள டொப்புன்னு சத்தம் கேட்டுச்சுப்பா"ன்னான். கொஞ்ச நேரத்துல எழுந்து நொண்டி நடந்துட்டான், அதைப் பார்த்து எல்லாருக்கும் நிம்மதி, ஐஸ் வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ராத்திரி டூட்டி முடிச்சு வந்த வீட்டம்மா முட்டியைத் தொட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம சமையல்கட்டுக்குப் போயிட்டா, அங்க போய் அழுதிருக்கான்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். டொப்புன்னு சத்தம், சில மணி நேரத்துக்குள்ள வீக்கம், இந்த ரெண்டும் சேர்ந்து வந்தா முட்டி எலும்புகளைப் பிடிச்சு வைக்கற நார், க்ரூஷியட் லிகமெண்ட், அது கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், நடக்க முடியுதுங்கறதை வச்சு ஏமாறாதீங்க. இந்தக் காயத்துல பாதிக்கு மேல யாரும் இடிக்காம வர்றதுதான்.

மறுநாள் இன்ஜுரி யூனிட், 75 யூரோ. எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு நல்லா இருக்கு, சுளுக்கா இருக்கலாம், ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரேல லிகமெண்ட் தெரியாது, அதுக்கு எம்ஆர்ஐ வேணும், பப்ளிக்ல அதுக்கு வரிசை நீளம். வீட்டம்மா விடல, ஜிபி, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி பிரைவேட்ல எடுத்தோம், 200 யூரோவுக்கு மேல. லிகமெண்ட் முழுசா கிழிஞ்சிருக்கு, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற மெனிஸ்கஸ்லயும் கொஞ்சம். ரிப்போர்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே கிளப்ல செய்தி பரவிடுச்சு, ஒருத்தர் லசான்யா கொண்டு வந்தார், ஒருத்தர் கிரச்சஸ் கொண்டு வந்தார், எல்லாரும் ஒரே கதை சொன்னாங்க. டப்ளின் ஆட்டக்காரர் ஜாக் மெக்காஃப்ரிக்கு 2017 ஆல் அயர்லாந்து ஃபைனல்ல ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல இதே க்ரூஷியட் போச்சு, அடுத்த வருஷம் டப்ளினுக்கு திரும்ப வந்து ஜெயிச்சார்னு. கெர்ரி ஆட்டக்காரர் கோல்ம் கூப்பருக்கு 2014 பிப்ரவரியில கிளப் மேட்ச்ல போச்சு, அவர் இல்லாமலே கெர்ரி அந்த வருஷம் கப் அடிச்சுது, ஆனா அடுத்த வருஷம் அவர் வந்துட்டாரேன்னு. ஆறுதலுக்குத்தான் சொன்னாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஓடினது, வந்தவங்க பேரைத்தான் எல்லாரும் சொல்றாங்க, வராதவங்க பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காதேன்னு.

இப்போ காசு விஷயம், இதுலதான் நான் தனியா ரொம்ப அல்லாடினேன். கிளப் செக்ரட்டரிகிட்ட போனா அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஜெர்சி போட்டிருந்தான்?" கிளப் ஜெர்சியா இருந்தா கிளப் வழியா ஜிஏஏ இன்ஜுரி ஃபண்டு, கவுண்டி ஜெர்சின்னா கவுண்டி போர்டு வழியா, ஸ்கூல் ஜெர்சின்னா ஸ்கூல் எடுத்து வச்சிருக்குற மாணவர் விபத்து பாலிசி, அது முழுக்க வேற பாதை. அந்த ஃபண்டு இன்ஷூரன்ஸ் கிடையாது, இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. முதல்ல உங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல கேட்கணும், அவங்க கொடுத்தது போக மிச்சம் இருக்குறதைத்தான் ஃபண்டு பார்க்கும், அதுவும் ஒரு உச்சவரம்புக்குள்ள. பையன் அந்த வருஷத்துக்கு ஃபோரின் (Foireann)ங்கற ஜிஏஏ ஆன்லைன் சிஸ்டத்துல முறையா பதிவு ஆகி, பணம் கட்டி மெம்பரா இருக்கணும். ஜனவரியில டிரெய்னிங் ஆரம்பிச்சுடுவாங்க, நாம மார்ச்ல கட்டிக்கலாம்னு இருப்போம், அந்த ரெண்டு மாசம் பையன் ஃபண்டு பாதுகாப்பு இல்லாம ஆடிட்டு இருக்கான்னு அர்த்தம். க்ளெய்ம் பதிவு பண்ண கெடு எங்க காலத்துல 60 நாள், காயம்பட்ட தேதியில இருந்து. எங்க கிளப்ல அதைப் பார்க்க வேண்டியவர் லீவுல இருந்தார், யாரும் பதிவு பண்ணல, நான் ஆபரேஷன் முடிஞ்சதும் பில்லோட போய் கேட்டுக்கலாம்னு எல்லாரும் சொன்னதை நம்பிட்டு இருந்தேன். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒரு கேவன் கவுண்டிக்காரர் தற்செயலா "ஃபார்ம் போட்டாச்சா?"ன்னு கேட்டார். அவர் கேட்கலேன்னா மொத்தமும் போயிருக்கும். காயம்பட்ட வாரமே கிளப்புக்கு ஈமெயில் போடுங்க, வாய்ல சொல்றது போதாது, பதிவு பண்ணியாச்சுன்னு ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்குங்க. விதி வருஷா வருஷம் மாறும், அந்த வருஷத்து புக்லெட்டை ஜிஏஏ சைட்ல எடுத்துப் படிங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல ஒரு எச்சரிக்கை. புதுசா எடுத்தா சாதாரண நோய்க்கு 26 வாரம் காத்திருக்கணும், ஏற்கனவே இருக்குற பிரச்சனைன்னா 5 வருஷம், ஆனா பாலிசி எடுத்ததுக்கு அப்புறம் படற விபத்துக் காயத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. முட்டி போனதுக்கு அப்புறம் ஓடிப்போய் எடுத்தா அது ஏற்கனவே இருக்குற பிரச்சனை ஆயிடும், ஒரு பிரயோஜனமும் இல்ல, பாலிசி முன்னாடியே இருக்கணும். சில பிளான்ல எலும்பு மூட்டு ஆபரேஷன்களுக்குன்னு தனியா ஒரு தொகை நம்ம தலையில விழும், விலை குறைஞ்ச பிளான்ல இது பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கும். எங்களுக்கு விழுந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி ப்ரொசீஜர் கோடு வாங்கி இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு போன் போட்டு "என் கையில இருந்து எவ்வளவு?"ன்னு கேளுங்க, அந்த ஒரு போன்ல தெரிஞ்சுடும். பிசியோ ஒரு தடவைக்கு 60 யூரோ, ஆரம்பத்துல வாரத்துக்கு ரெண்டு, ஒரு வருஷத்துல அது மட்டும் 2,000 யூரோ தாண்டிடுச்சு. பில், இன்ஷூரன்ஸ்ல நம்ம தலையில விழுந்த தொகை, பிரேஸ், ஜிம், நான் சம்பளமில்லாம எடுத்த லீவு எல்லாம் சேர்த்து 5,000 யூரோ கிட்ட போச்சு. ஃபண்டு, இன்ஷூரன்ஸ், டாக்ஸ் மூணும் சேர்ந்து பாதிக்கு கொஞ்சம் மேல திரும்ப வந்துச்சு. டாக்ஸ்னு சொன்னேனே, ரெவன்யூல மருத்துவ செலவுக்கு 20 சதவீதம் திரும்பக் கேட்கலாம், வேற எங்கயும் திரும்பக் கிடைக்காத தொகைக்கு மட்டும், நாலு வருஷம் பின்னாடி வரைக்கும் கேட்கலாம். பிசியோ கணக்குல வரணும்னா டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கணும், அதனால ஜிபிகிட்ட முதல் நாளே ரெஃபரல் லெட்டர் வாங்கிடுங்க. அந்த ஒரே லெட்டர் மூணு இடத்துலயும் கேட்பாங்க.

பெரியவங்க யாராவது ஞாயித்துக்கிழமை கிளப்ல கீழ்மட்ட டீமான ஜூனியர் பி ஆடப் போறீங்கன்னா உங்களுக்கும் ரெண்டு வரி. சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய சிக் லீவு வருஷத்துக்கு 5 நாள்தான், அதுக்கப்புறம் அரசாங்கம் கொடுக்கற இல்னஸ் பெனிஃபிட், அது 6 வாரத்துக்குள்ள அப்ளை பண்ணணும், பிஆர்எஸ்ஐ (சம்பளத்துல பிடிக்கற சமூகக் காப்பீட்டுப் பணம்) கட்டியிருக்கணும். டாக்ஸி, டெலிவரின்னு சொந்தமா தொழில் பண்றவங்க க்ளாஸ் எஸ்ல கட்டுறதால அவங்களுக்கு அது கிடையாது. முட்டி போனா வண்டி ஓட்ட முடியாது, வருமானம் ஜீரோ. யோசிச்சு இறங்குங்க.

ஜூன்ல ஆபரேஷன் முடிஞ்சு, பையன் சோபாவுல காலை நீட்டிட்டு இருக்கான், அவன் பேனல் சாம்பியன்ஷிப் ஆடி முடிச்சிருந்துச்சு. பதினெட்டு வயசுக்கு கீழ இருக்குற பசங்களுக்கு கோச் நேரா மெசேஜ் அனுப்பக்கூடாது, சேஃப்கார்டிங் விதி, எல்லாம் பெத்தவங்க போனுக்குத்தான் வரும். நல்ல விதிதான். ஆனா அதனாலதான் இலையுதிர் காலத்துல அடுத்த கட்ட ஸ்குவாடுக்கு புது குரூப் ஆரம்பிச்சதும், பழைய பேனல் குரூப்ல இருந்து என்னைத் தூக்கினதும் என் போன்லதான் தெரிஞ்சுது. நீக்கப்பட்டீர்கள்னு சாம்பல் கலர்ல ஒரு வரி. ஒரு போன் கிடையாது, ஒரு ஈமெயில் கிடையாது. ரெண்டு நாள் அவன்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன், அவன் கூட ஆடின பையன் ஒருத்தன் ஸ்கூல்ல புது ஜாக்கெட் போட்டுட்டு வந்ததும் அவனுக்கே தெரிஞ்சுடுச்சு. வந்து கேட்டான், "உனக்கு முன்னாடியே தெரியுமா ப்பா?" நான் தலையை ஆட்டினேன். கதவை சாத்திட்டு போயிட்டான். எனக்கு அன்னிக்கு வந்த கோவம் இன்னும் முழுசா போகல. எடுக்காம விட்டதுக்கு இல்ல, முட்டி இல்லாதவனை எப்படி எடுப்பாங்க. மூணு வருஷம் வந்த பையனுக்கு ஒரு நிமிஷம் போன் பண்ணலாமே. உங்க பிள்ளை ஸ்குவாட்ல இருக்கும்போதே மேனேஜர்கிட்ட கேட்டு வைங்க, விடறதா இருந்தா எப்படி சொல்லுவீங்க, யார்கிட்ட சொல்லுவீங்கன்னு. அசிங்கமா இருக்குற மாதிரி தோணும், கேளுங்க.

அந்த வருஷம் லீவிங் செர்ட் வேற. நான் பயந்த அளவுக்கு அது மோசமாகல, ஆட்டம் இல்லாததால உட்கார்ந்து படிச்சான்னு ஊர்ல பாட்டிக்கு சந்தோஷம். ஆனா மனசு? வாரத்துல அத்தனை நாள் ஒரு கூட்டத்தோட இருந்தவன் திடீர்னு தனியா ஜிம்ல ஒத்தக்கால்ல உட்கார்ந்து எழுந்துட்டு இருந்தான். சாப்பாடு குறைஞ்சுது, பேச்சு குறைஞ்சுது. அப்போ கைகொடுத்தது கிளப்தான். ஒரு கோச் அவனைக் கூப்பிட்டு ஸ்டாட்ஸ் எழுதற வேலை கொடுத்தார், மேட்ச்ல கிரவுண்டு ஓரத்துல டீமோட உட்கார்ந்து யார் எத்தனை கிக் அவுட் ஜெயிச்சாங்கன்னு டேப்லெட்ல தட்டணும். அற்ப வேலை, ஆனா அவன் ஒரு மேட்ச் கூட விடல. கவுண்டி விட்டுடும், கிளப் விடாது, இங்க எல்லாரும் சொல்றது இதுதான், நான் கண்ணால பார்த்தேன்.

திரும்ப ஆட வர்றதுல அவசரப்படாதீங்க. 9 மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது குறைஞ்சபட்சம், அதுக்கு முன்னாடி இறங்குற சின்னப் பசங்களுக்கு மறுபடி கிழியற ஆபத்து ரொம்ப அதிகம். நாள்காட்டியை விட டெஸ்ட் முக்கியம், ஒத்தக்கால்ல தாண்டுற தூரம், தொடை பலம், இதெல்லாம் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும்னு எங்க பிசியோ பிடிவாதமா நின்னாங்க. ஏழாவது மாசமே ஓட ஆரம்பிச்சுட்டான், பார்க்கறவங்களுக்கு முழுசா சரியான மாதிரி இருக்கும், "ஒரு அரை மணி நேரம் இறக்கலாமே"ன்னு கேட்டாங்க, வீட்டம்மா நேரா கிரவுண்டுக்கே வந்து டெஸ்ட் பேப்பரை நீட்டினா, அதுக்கப்புறம் யாரும் கேட்கல. பரீட்சை முடிச்சு, அந்த ஜூலைலதான் முதல் மேட்ச், கடைசி பத்து நிமிஷம். மேல வந்த முதல் பந்துக்கு அவன் எம்பல, தரையில விழவிட்டு எடுத்தான். ரெண்டாவதுக்கு எம்பினான்.

இப்போ காலேஜ்ல படிக்கறான், கிளப்ல இண்டர்மீடியட் டீம்ல மிட்ஃபீல்டு. கவுண்டி அண்டர் 20க்கு கூப்பிடல, அந்த வயசும் தாண்டியாச்சு. காலேஜ்களுக்கு நடுவுல நடக்கற சிகர்சன் கப்புக்கு காலேஜ் டீம்ல முயற்சி பண்ணான், பெஞ்ச் வரைக்கும் வந்தான். புது விதிகள் வந்ததுக்கு அப்புறம் ஓட்டம் கூடியிருக்கு, ரெண்டு பாயிண்ட் வளைவுக்கு வெளிய இருந்து இடது காலால அடிக்கறான், அந்த முட்டிதான். சீனியர் கவுண்டி கனவு இருக்கான்னு நான் கேட்கல, அவனும் சொல்லல.

சின்னவ இப்போ அண்டர் 14. அவளும் கேட்ச் பண்றா, அவளுக்கும் டிரயல் லெட்டர் வந்திருக்கு. பொண்ணுங்க ஆட்டம் நடத்துறது எல்ஜிஎஃப்ஏன்னு தனி சங்கம், இதையும் ஜிஏஏவையும் ஒண்ணாக்கப் போறோம்னு சொல்லிட்டு இருக்காங்க, அதுவரைக்கும் அவங்களுக்கு பதிவு தனி, இன்ஜுரி ஃபண்டு தனி, விதியும் கொஞ்சம் வேற, பந்தை தரையில இருந்து நேரா கையால எடுக்கலாம். அண்ணனுக்கு படிச்ச புக்லெட்டை வச்சு இவளுக்கு எதையும் முடிவு பண்ண முடியாது. பொண்ணுங்களுக்கு இந்த லிகமெண்ட் போற வாய்ப்பு பசங்களை விட அதிகம்கறதால வார்ம் அப் விஷயத்துல நான் இந்தத் தடவை முதல் நாளே கோச்சுகிட்ட பேசிட்டேன், மெம்பர்ஷிப் ஜனவரி முதல் வாரமே கட்டியாச்சு, ஷீட் போட்டாச்சு. அண்ணன்காரன்தான் அதை நிரப்பறான், ஞாயித்துக்கிழமை ராத்திரி அவ ரூம் கதவைத் தட்டி "எங்க வலிக்குது, உண்மையைச் சொல்லு"ன்னு கேட்டுட்டு. குரூப்ல போட்டோ போட்ட அண்ணாச்சி இதைப் படிச்சா, அந்த ஷீட் வேணும்னா கேளுங்க, அனுப்பி வைக்கறேன்.